செங்கோட்டைக் கிட்டப்பா



தென்காசியில் மேலைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் ஊரார் பேச்செல்லாம் குற்றாலத்தைப் பற்றியதாகிவிடும். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதே ஒருவரையொருவர் கேட்கும் முதற் கேள்வி. என் பாட்டனாரோ அருவியின் இரைச்சலைக் கேட்டதும் வேறொன்று சொல்லுவார். “கிட்டப்பா குரல் இந்தச் சத்தத்தையும் தாண்டிப் போகுமடா” என்பார். இளமையில் நாடகக் கொட்டகையின் கடைசிப் பகுதியில், மணல் தரையில் அமர்ந்து அந்தக் குரலைக் கேட்டவர் அவர். சிறுவனாக இருந்த நான் அதனை முதியவர் பேச்சு என்றே தள்ளிவிட்டேன். வரலாறு கற்பிக்கும் தொழிலுக்கு வந்த பின்னரே, அந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, அன்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

தென்காசிக்கு மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரையில் அவ்வூர் திருவிதாங்கூர், கொச்சி நாட்டு எல்லைக்குள் இருந்தது. அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அரசு மலையாள நாட்டு அரசாயினும் வீட்டிலும் வீதியிலும் ஒலித்தது தமிழே. ஆஷ் துரையை 1911-இல் மணியாச்சியில் சுட்ட வாஞ்சிநாதனும் இவ்வூரினரே. அந்த நிகழ்ச்சி நடந்தபோது கிட்டப்பாவுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. அவர் 1906 ஆகஸ்டு 25-இல் கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் பிறந்தவர். இராமகிருஷ்ணன் என்பதே இட்ட பெயர். கிட்டப்பா என்ற செல்லப் பெயரே நாடறிந்த பெயராக நிலைத்துவிட்டது.

குடும்பத்தில் பிள்ளைகள் பலர், வருவாய் குறைவு. சகோதரர்கள் நாடகத்துக்குச் சென்றனர். அவர்களோடு ஐந்தாறு வயதுக் கிட்டப்பாவும் மேடை ஏறினார். சங்கரதாஸ் சுவாமிகள் 1910-இல் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையில் பயின்றவர்களுள் அவரும் ஒருவர். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ முதலிய நாடகங்களை இயற்றித் தமிழ் மேடைக்கு உரைநடையையும் பாட்டையும் வகுத்துக் கொடுத்தவர் சுவாமிகள். அவரிடம் பாடம் கேட்டது எந்தச் சிறுவனுக்கும் பெரும் பேறுதான்.

ஆனால் அந்தப் பேற்றின் மறுபுறத்தையும் நாம் பார்க்கவேண்டும். அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் குழந்தைகள் கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கினார்கள். விடியுமுன் எழுந்து பாட்டும் வசனமும் உருப்போட வேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கும். ஓர் ஊரில் சில மாதம், பிறகு வேறோர் ஊர். பள்ளிக்கூடம் என்பது அவர்கள் வாழ்வில் இல்லை. முதல் வகுப்பில் சேர வந்த ஆறு வயதுக் குழந்தைகளின் பெயரைப் பல ஆண்டுகள் பதிவேட்டில் எழுதியவன் நான். அந்த வயதுப் பிள்ளை நள்ளிரவில் முகத்தில் அரிதாரத்தோடு நின்று பாடியதை எண்ணும்போது, அந்தக் குரலின் இனிமையை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கம்பெனிகள் இல்லையேல் கிட்டப்பாவும் இல்லை என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

சிறுவர்களுக்கு இன்னோர் அச்சமும் இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு உடையும். அதுவரை பெண்குரல் போல் ஒலித்த தொண்டை கரகரத்துப் போகும். பெண்வேடத்தில் புகழ் பெற்ற பல சிறுவர்களின் தொழில் அந்த ஆண்டோடு முடிந்துவிடும். கிட்டப்பாவும் ஸ்திரீபார்ட்டில் தொடங்கியவரே. அவருக்குக் குரல் மாறியது, ஆனால் கெடவில்லை. மேல் ஸ்தாயியில் தங்கு தடையின்றி உலவும் ஆண்குரல் அவருக்கு வாய்த்தது. அவர் வளர்ந்து பெயர் பெற்ற இடம் சென்னையில் கன்னையா நடத்திய நாடகக் கம்பெனி. காட்சி அமைப்பின் பகட்டுக்கு அக்கம்பெனி பேர்போனது. அதன் ‘தசாவதாரம்’ நாடகத்தில் மோகினியாகவும் பரதனாகவும் கிட்டப்பா தோன்றினார். திரைச்சீலைகளையும் இயந்திர வித்தைகளையும் காண வந்த கூட்டம், நாளடைவில் பரதன் பாடுவதைக் கேட்பதற்காகவே வரலாயிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கிட்டப்பா பாட்டு இயற்றும் புலவர் அல்லர். பாட்டுக்குச் சொல் தந்தவர்கள் சங்கரதாஸ் சுவாமிகளைப் போன்ற ஆசிரியர்கள். அந்தச் சொல்லை எடுத்து, ஓர் இரவு ஒரு விதமாகவும் மறு இரவு வேறு விதமாகவும் விரித்துக் காட்டியது கிட்டப்பாவின் கற்பனை. விருத்தம் பாடுவதில் அவர் தனிச் சிறப்புடையவர். தாளக் கட்டில்லாமல் இராகத்தின் போக்கில் செய்யுளைச் சொல்லிச் செல்லும் முறை அது. அடுத்த அடி எங்கே போய் நிற்கும் என்பது கேட்பவர்க்குத் தெரியாது. ஆர்மோனியத்தில் அமர்ந்த அவருடைய சகோதரர் காசி ஐயரும் விழிப்பாகவே இருக்கவேண்டியிருந்திருக்கும்.

அக்காலத்துச் சபைக் கச்சேரிகளில் தெலுங்குக் கீர்த்தனங்களும் வடமொழிப் பாடல்களுமே பெரும்பகுதி. நுழைவுச் சீட்டு வாங்கி அங்கே சென்றவர்கள் ஒரு சிறு கூட்டத்தார். வயலில் உழைத்தவரும் வண்டி ஓட்டியவரும் இராகங்களைக் கேட்டறிந்த இடம் நாடகக் கொட்டகையே. அவர்களுக்குக் கரகரப்பிரியா என்ற பெயர் தெரிந்திராது. ஆனால் வேலனாக வந்த கிட்டப்பா எந்தப் பாட்டை எப்படி எடுத்தார் என்று மறுநாள் பாடிக்காட்டத் தெரியும். தமிழிசை இயக்கம் 1940-களில் வலுப்பெற்றது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் அங்கேயே மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அதன் முன்னணியில் நின்றவர். தமிழ்ச் செய்யுளில் இசையும் பொருளும் ஒன்றாக நிற்கும் என்று அவர் ஓயாது சொல்லிவந்தார். நூல்களில் அந்த இயக்கத்தின் வரலாறு மேடைச் சொற்பொழிவுகளோடு தொடங்குகிறது. அதற்குப் பத்து, பதினைந்து ஆண்டு முன்பே மணல் தரையில் அமர்ந்தவர்கள் அதன் சுவையை அறிந்திருந்தார்கள் என்பது என் கருத்து.

ஒலிபெருக்கி அப்போது நாடகக் கொட்டகைகளுக்கு வரவில்லை. தகரக் கூரையும் கீற்றுத் தட்டியும் கொண்ட கொட்டகையில் ஆயிரக்கணக்கானோர் கூடுவர். குழந்தை அழும், சோடா விற்பவன் கூவுவான். இவ்வளவையும் கடந்து சொல் தெளிவாகப் போய்ச் சேரவேண்டும். மேல் ஸ்தாயிக் குரலுக்கு நாடக உலகம் அத்தனை மதிப்புக் கொடுத்ததற்குக் காரணம் இதுவே. தாழ்ந்த சுருதியில் மென்மையாகப் பாடும் பாடகர் முன்வரிசையோடு முடிந்து போவார். அருவியைத் தாண்டும் குரல் என்று என் பாட்டனார் சொன்னது மிகைதான். ஆனால் காரணத்தோடு பிறந்த மிகை.

1920-களின் நடுவில் இலங்கையில் கிட்டப்பாவுக்குச் சமமான ஒரு குரல் எதிர்ப்பட்டது. கொடுமுடியில் 1908-இல் பிறந்து, வறுமையால் இளமையிலேயே மேடைக்கு வந்த கே. பி. சுந்தராம்பாள் அங்கே புகழோடு பாடிக்கொண்டிருந்தார். இருவரையும் ‘வள்ளி திருமணத்தில்’ சேர்த்து நடிக்கவைக்க ஏற்பாடாயிற்று. ஒருவர் பாட்டின் முன் மற்றவர் நிற்க முடியாது என்று இருபுறமும் சிலர் அச்சமூட்டினார்கள் என்று கதை வழங்குகிறது. அந்நாடகத்தில் வேலன் பாட, வள்ளி எதிர்பாட்டுப் பாடும் தர்க்கக் காட்சி நெடியது. இரண்டு வலிய குரல்கள் ஒன்றையொன்று தூக்கிவிடுவதற்கு அதனினும் ஏற்ற காட்சி வேறில்லை. பிறகு இருவரும் சேர்ந்து ஊர் ஊராக நாடகம் நடத்தினர். 1927-இல் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர்; ஆதலால் இந்த மணத்தில் தொடக்கத்திலிருந்தே துன்பம் கலந்திருந்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் சில அச்சேறியுள்ளன. அவற்றில் ஏக்கமும் இருக்கிறது, சினமும் இருக்கிறது. மேடையில் வேலனும் வள்ளியுமாகக் கண்டு களித்த மக்கள் அதனை அறியார்.

ஓயாத பயணமும் கண்விழிப்பும் உடலைத் தின்றன. மதுவும் சேர்ந்தது என்று அவர் வரலாற்றை எழுதினோர் குறித்துள்ளனர். 1933 டிசம்பர் 2-இல் கிட்டப்பா காலமானார். வயது 27.

உங்களில் சிலர் மேனாட்டு ராக் இசையைக் கேட்பவர்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் ஜானிஸ் ஜாப்ளினும் 1970-இலும், ஜிம் மாரிசன் 1971-இலும் மறைந்தனர். மூவருக்கும் வயது 27. அந்த எண்ணில் ஏதோ மாயம் இருப்பதாக அங்கே எழுதுகிறார்கள். எண்ணில் ஒன்றும் இல்லை. இரவெல்லாம் கூட்டத்துக்காகப் பாடி, பகலெல்லாம் அடுத்த ஊருக்குப் போகும் வாழ்வு எந்த நாட்டிலும் உடலை ஒரே விதமாகத்தான் நடத்துகிறது. கிட்டப்பா அந்த வாழ்வை ஐந்தாறு வயதில் தொடங்கிவிட்டார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி, சான்றுகளைப் பார்ப்போம். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது. அதன் பின் இரண்டாண்டு உயிரோடு இருந்தும் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. எனவே அவர் மேடையில் எவ்வாறு நின்றார், எவ்வாறு நடந்தார் என்பதை நாம் காண வழியில்லை. எஞ்சியவை இசைத்தட்டுகள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே பாட்டு அடங்கும். கொட்டகையில் அரைமணி விரியும் விருத்தத்தை அதற்குள் சுருக்கிப் பாடவேண்டும். வள்ளலாரின் அருட்பா விருத்தத்தையும் தியாகராசரின் ‘எவரநி’ கீர்த்தனத்தையும் அவர் அவ்வாறு பாடிக் கொடுத்திருக்கிறார். பின்னதன் தேவாமிர்தவர்ஷிணி இராகம் அந்தத் தட்டின் வாயிலாகவே பலருக்கு அறிமுகமாயிற்று.

தட்டை வைத்து அவருடைய சுருதியை அளக்க முற்படுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பதிவு செய்தபோது சுழன்ற வேகமும் நாம் சுழற்றும் வேகமும் சிறிது வேறுபட்டாலும் சுருதி ஏறிவிடும், அல்லது இறங்கிவிடும். ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று வாதிடுவோர் முதலில் கருவியைச் சரிபார்ப்பது நலம்.

என் பாட்டனாரின் இறுதிக் காலத்தில், உறவினர் ஒருவர் வீட்டுப் பழைய கிராமபோனில் அத்தட்டுகளில் ஒன்றைப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “குரல் அவருடையதுதான்; ஆனால் ஆள் ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறார்” என்றார். கடைசிப் பகுதியில் அமர்ந்து கேட்டவர்க்கு அந்த நெருக்கம் பொருந்தவில்லை போலும். மறுபக்கத்தைப் போடச் சொன்னார். அதில் கீறல் விழுந்து முள் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

கிட்டப்பாவின் பாணி அவரோடு மறைந்துவிடவில்லை. சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் 1945-இல் வெளிவந்த ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் பாடியபோது, பழைய இரசிகர்கள் கிட்டப்பாவையே நினைவுகூர்ந்தனர். சுந்தராம்பாளுக்குக் கணவர் மறைந்தபோது வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தார். ஆண் நடிகர் எவரோடும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய் பெற்று நந்தனார் என்னும் ஆண்வேடத்தையே ஏற்றார். 1951-இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953-இல் ‘ஔவையார்’ ஆனார். தனியே பாடிக்கொண்டே வாழ்ந்து 1980-இல் மறைந்தார். கிட்டப்பாவோடு அவர் வாழ்ந்தது ஆறு ஆண்டு. கிட்டப்பா இல்லாமல் வாழ்ந்தது நாற்பத்தாறு ஆண்டுக்கு மேல்.