ஒளியைத் திருப்பிய காந்தம்



மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் அமைந்த விளாங்குடி என் ஊர். கல்லூரியில் பயின்ற நாளில், காந்தம் ஒளியைத் திருப்பும் சோதனையை எனக்குத் தந்தனர். பன்முறை நோக்கியும் ஒன்றும் புலப்படவில்லை. அடுத்த மேசை நண்பரின் எண்ணையே என் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அச்சிறு பொய் இன்றும் என்னை உறுத்துகின்றது. அதனாலேயே இவ்வரலாற்றைச் சொல்ல விழைகின்றேன்.

இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடேயும் 1845-ல் இவ்வாறே ஏமாற்றமுற்றார். ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் காந்தத்தின் அருகே, காற்று, சாதாரணக் கண்ணாடி முதலியவற்றின் வழியே செலுத்தினார். பயனில்லை; பயனில்லை என்றே எழுதியும் வைத்தார். செப்டம்பர் 13-ம் நாள், முன்னொருகால் தாமே உருக்கிச் செய்த ஈயம் கலந்த கனத்த கண்ணாடியை வைத்தார். அதிர்வுத் தளம் சற்றே திரும்பிற்று!

பொருளின் உள்ளமைப்பில் என்ன இருக்கிறது? நம் நாட்டார் இருவழியில் விடை தேடினர். 1898-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், முறுக்கிய சணற்கட்டுகளின் ஊடே மின்னலைகளைச் செலுத்தினார். வலமுறுக்கு அலையின் தளத்தை ஒருபுறமும், இடமுறுக்கு மறுபுறமும் திருப்பின. அங்கே காந்தம் இல்லை. மனிதன் வகுத்த அமைப்பே அவ்வேலையைச் செய்தது.

அதே ஆண்டில் வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர் கே. எஸ். கிருஷ்ணன். காந்தத்திடையே பென்சீன் போன்ற திரவங்கள் ஒளியை இரட்டையாக விலகச் செய்வதன் காரணத்தை, அவரும் சி. வி. ராமனும் 1927-ல் விளக்கினர். மூலக்கூறுகள் திசைக்குத் திசை இயல்பு வேறுபட்டவை; காந்தம் அவற்றைச் சிறிதளவே ஒருமுகப்படுத்துகிறது. ஆகவே விளைவும் சிறிதாகிறது.

அச்சிறிய விளைவைப் பெருக்க வழியுண்டா? ஒளியலையினும் சிறிய உறுப்புகளை வரிசைப்படுத்தி ஆக்கும் பொருளை மெட்டாமெட்டீரியல் என்பர். போஸின் சணற்கட்டை அதன் முன்னோடியாகக் கருதுவர். 2013-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஆராய்ச்சியாளரும் துணைவரும், கார்னெட் என்னும் காந்தப் படிகத்தின் மெல்லிய படலத்தின்மேல் தங்க நுண்கம்பிகளை நிரல்பட அமைத்தனர். கம்பிகள் ஒளியைப் படலத்துள் சற்றுத் தேக்கவே, திருப்பம் ஏறக்குறைய ஒன்பது மடங்காயிற்று. லேசர் ஒளி திரும்பி வந்து கருவியைக் கெடுக்காவண்ணம் காக்கும் ஒருவழிக் கதவுகளைச் சிறிதாக்க இத்தகைய பெருக்கம் உதவக்கூடும்.

நண்பர்களே, சோதனையில் ஒன்றும் தெரியாவிடில், தெரியவில்லை என்றே எழுதுங்கள். ஃபாரடே எழுதிய அந்த வெறுமையிலிருந்தே இவ்வளவும் கிளைத்தது. நான் எழுதிய எண்ணிலிருந்து எதுவும் கிளைக்கவில்லை.