தொட்டிக்குள் இறங்கிய பம்ப்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் அம்பாசடர் கார்கள் பானெட்டைத் திறந்தபடி நின்ற காலம் ஒன்றிருந்தது. ஓட்டுநர் ஈரத்துணியை எஞ்சினின் பக்கவாட்டிலிருந்த சிறு உலோகக் குமிழின்மீது சுற்றிவிட்டுக் காத்திருப்பார். சற்றுநேரத்தில் வண்டி கிளம்பிவிடும். அத்துணியின் பொருள் எனக்கு விளங்கியது சென்ற ஆண்டில்தான். என் கார் நடுவழியில் நின்றுபோக, மெக்கானிக் பின்னிருக்கையைத் தூக்கி, அடியிலிருந்த மூடியைத் திறந்து, பெட்ரோல் தொட்டிக்குள்ளிருந்து பம்பை வெளியே எடுத்தார். எஞ்சினோடு ஒட்டியிருந்த பொருள் இங்கு எப்படி வந்தது?

1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காரில் பம்பே கிடையாது. இருக்கைக்கடியில் இருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாகவே கீழிறங்கி எஞ்சினுக்குச் சென்றது. தொட்டியில் பெட்ரோல் குறைந்திருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் அது எஞ்சினை எட்டாது. ஆகவே வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றினார்கள். புறங்காட்டுவதை இழிவெனச் சொல்லும் இலக்கியத்தைக் கற்பிக்கும் எனக்கு இச்செய்தி பிடித்திருக்கிறது.

பின்னர்த் தொட்டி வண்டியின் பின்புறம் போயிற்று. எஞ்சினின் சுழற்சியால் அசையும் சவ்வு ஒன்று பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. சிக்கல் இந்த உறிஞ்சலில்தான். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். எஞ்சினின் வெக்கையும் சேர, பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை அந்தப் பம்பால் இழுக்க இயலாது. ஈரத்துணி அதற்கான வைத்தியம்.

1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் பீய்ச்சுமுறை வந்தது. கார்புரேட்டருக்குச் சிறிதளவு அழுத்தம் போதும். இதற்கோ ஏறத்தாழ இரண்டு வளிமண்டல அழுத்தம் தேவைப்பட்டது. எனவே மின்சாரப் பம்ப். முதலில் தொட்டிக்கு வெளியே இருந்த அது, பின்னர் உள்ளேயே இறங்கியது. உள்ளிருந்து தள்ளும்போது குழாயில் அழுத்தம் கூடுகிறது; பெட்ரோல் எளிதில் கொதிப்பதில்லை. குக்கரில் நீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காதிருப்பதைப் போன்றது இது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த புகைக் கட்டுப்பாடுகள் கார்புரேட்டரை விரட்ட, நம் கார்களிலும் பம்ப் இடம்பெயர்ந்தது.

பெட்ரோலுக்குள் மின்மோட்டாரா என்று நானும் பதறினேன். பெட்ரோல் ஆவி தீப்பற்ற, காற்றில் அது சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். தொட்டிக்குள் பொதுவாக ஆவி அதைவிட அடர்த்தி. பெட்ரோல் நிறைந்த பம்பினுள்ளோ காற்றே இல்லை. விபத்தைப் பற்றிய அச்சம் வேறு. பழைய பம்ப் எஞ்சின் நின்றால் தானும் நின்றது. மின்பம்புக்கு அது தெரியாது. ஆகவே சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி முனகவிட்டு, எஞ்சின் சுழலாவிட்டால் கணினி அதை நிறுத்திவிடுகிறது.

மோட்டாரினூடே பாயும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. தொட்டியில் பெட்ரோல் குறைந்தால் அது விரைவில் சூடேறும். வளைவுகளில் பம்ப் காற்றையும் உறிஞ்ச நேரும். மாதக்கடைசியில் இருநூறு ரூபாய்க்கு மட்டும் நிரப்பிக்கொள்வது என் நெடுநாள் வழக்கம்.

“எப்பவும் ரிசர்வ்லதான் ஓட்டுவீங்களா சார்?” என்று கேட்டார் மெக்கானிக், பழைய பம்பை என் கையில் கொடுத்தபடி.