நைட்ரஸ் காரில் ஃபியூயல் பிரஷர்: கேஜ் காட்டும் எண்ணை அப்படியே நம்பலாமா?

சினிமா ரேஸில் ஹீரோ ஒரு பட்டனை அழுத்துவார், கார் சீறிப் பாயும். அந்த சிலிண்டரில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அதே 'சிரிப்பூட்டும் வாயு'தான். சினிமா காட்டாத விஷயம் ஒன்று உண்டு. நைட்ரஸ் உள்ளே போகும் அதே நொடியில் அதற்கேற்ற பெட்ரோலும் இன்ஜினுக்குள் போயாக வேண்டும். போகலைன்னா, சில நொடிகளிலேயே பிஸ்டன் உருகிப்போகலாம். எவ்வளவு பெட்ரோல் போகும் என்பதை முடிவு செய்வதில் முக்கியமானது ஃபியூயல் பிரஷர்.

நைட்ரஸ் தானாக எரியுமா?

எரியாது. சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது உடைந்து ஆக்சிஜனை வெளிவிடும். எடைக் கணக்கில் காற்றில் 23% ஆக்சிஜன் என்றால், நைட்ரஸில் 36%. இந்தக் கூடுதல் ஆக்சிஜனை வைத்துக் கூடுதல் பெட்ரோலை எரிப்பதால்தான் பவர் கூடுகிறது.

பெட்ரோல் தேவைக்குக் குறைந்தால் அது 'லீன்' கலவை. சூடு எகிறும், எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடித்து பிஸ்டனைத் தாக்கும். பெட்ரோல் கூடினால் 'ரிச்'. பவர் கொஞ்சம் குறையும், ஆனால் இன்ஜின் தப்பிக்கும். அதனால்தான் அனுபவமுள்ள ட்யூனர்கள் ரிச்சில் ஆரம்பித்து, மெல்ல மெல்லக் குறைப்பார்கள்.

நின்ற அழுத்தம், ஓடும் அழுத்தம்: என்ன வித்தியாசம்?

நைட்ரஸுடன் தனி நாசில் வழியே பெட்ரோலையும் சேர்த்துத் தெளிப்பது 'வெட்' சிஸ்டம். பலர் சறுக்குவது இங்கேதான்.

வீட்டுக் குழாயை நினைத்துப் பாருங்கள். எல்லாக் குழாயும் மூடியிருந்தால் பைப்புக்குள் பிரஷர் முழுசாக இருக்கும். நீங்கள் ஷவரில் நிற்கும்போது யாராவது கிச்சன் குழாயைத் திறந்தால், ஷவரில் தண்ணீர் சட்டென்று குறையும். காரிலும் அதேதான். நைட்ரஸ் வேலை செய்யாதபோது கேஜ் காட்டுவது நின்ற அழுத்தம். பட்டன் அழுத்தியதும் பெட்ரோல் ஓடத் தொடங்கும், பிரஷர் இறங்கும். செட் பண்ண வேண்டியது இந்த ஓடும் அழுத்தத்தைத்தான்.

1 பி.எஸ்.ஐ. இறங்கினால் என்ன ஆகும்?

ஜெட் துளை வழியே போகும் பெட்ரோலின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால்:

- கார்புரேட்டர் கார்: 6-லிருந்து 5 பி.எஸ்.ஐ. ஆனால் பெட்ரோல் சுமார் 9% குறையும்.
- ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்: 43-லிருந்து 42 ஆனால் குறைவது சுமார் 1% மட்டுமே.

அதே 1 பி.எஸ்.ஐ.தான், ஆனால் கார்புரேட்டர் காரில் அது பெரிய ஆபத்து. எனவே 0 முதல் 100 வரை காட்டும் கேஜ் அங்கே உதவாது. 0 முதல் 15 வரை காட்டும் கேஜ் வேண்டும்.

எப்படி செட் பண்ணுவார்கள்?

1. இன்ஜினை அணைத்து, நைட்ரஸ் சிலிண்டரை மூடுவார்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கும்.
2. நாசிலுக்குப் போகும் பெட்ரோல் லைனைக் கழற்றி, அதே அளவு ஜெட் பொருத்திய டெஸ்ட் கருவியை மாட்டுவார்கள். பெட்ரோல் ஒரு பாதுகாப்பான கேனில் விழும்.
3. ஃபியூயல் பம்பை ஓட விடுவார்கள். பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் பம்பும் மெதுவாகும் என்பதால் சார்ஜர் இணைந்திருக்கும்.
4. பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கிட் தயாரிப்பாளர் சொன்ன எண் வரும்வரை ரெகுலேட்டரைத் திருப்புவார்கள்.
5. கடைசியாக டைனோவில் முழு த்ராட்டிலில் ஓட்டி, பிரஷரையும் காற்று-எரிபொருள் விகிதத்தையும் பதிவு செய்து பார்ப்பார்கள்.

ஐந்தாவது படியைத் தவிர்க்கவே கூடாது. முழு வேகத்தில் இன்ஜினும் அதே பம்பிலிருந்து பெட்ரோல் கேட்கும். பம்ப் திணறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கூடவே, பிரஷர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் நைட்ரஸைத் தானாக நிறுத்தும் சேஃப்டி ஸ்விட்சும் அவசியம்.

நம்ம ஊர் வெயில் என்ன செய்யும்?

பெட்ரோல் பக்கம் சரியாக இருந்தாலும் சிலிண்டர் பக்கம் கணக்கு மாறலாம். பெரும்பாலான கிட்கள் 900 முதல் 1,000 பி.எஸ்.ஐ. சிலிண்டர் அழுத்தத்தை வைத்தே ஜெட் அளவைச் சொல்கின்றன. நைட்ரஸின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 730, 30 டிகிரியில் சுமார் 900. குளிர் நாடுகளில் சிலிண்டருக்கு ஹீட்டர் மாட்டுவது இதற்காகத்தான்.

இங்கே பிரச்னை தலைகீழ். 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸில் திரவம், வாயு என்ற பிரிவே இருக்காது. மே மாதம் வெயிலில் நிற்கும் காரின் டிக்கி இந்த எல்லையை எளிதாகத் தாண்டும். அப்போது ஜெட் சார்ட் சொல்லும் அளவை நம்ப முடியாது. சிலிண்டர் அழுத்தத்தைப் பார்க்காமல் ஓட்டுவது, பாதிக் கணக்கை மட்டும் சரிபார்ப்பது மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, விதிமீறி மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டுவது தனிக் குற்றம்.

ஆக, இது மூடிய டிராக்குக்கான விஷயம். அங்கேயும் யாராவது "பிரஷர் செட் பண்ணியாச்சு" என்று சொன்னால், "ஓடும்போது எவ்வளவு காட்டுச்சு?" என்று கேளுங்கள்.