டர்ன்டேபிள்: நடுத்தர விலையில் தேர்வு

டர்ன்டேபிள் என்பது இசைத்தட்டைச் சீரான வேகத்தில் சுழற்றி, அதன் வரிப்பள்ளத்தில் ஓடும் ஊசியின் அதிர்வை மின் அலையாக மாற்றித் தரும் கருவி. எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய ரெக்கார்ட் பிளேயரைப் போலன்றி, இதற்கு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பொதுவாகத் தனியே வேண்டும். கையில் உள்ள பணத்தில் பெரும்பங்கு ஊசிக்கும் அதன் அதிர்வை மின் அலையாக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் அவற்றைத் தாங்கும் கைக்கும் போவதே நியாயம். மரப்பலகையின் பளபளப்பு காதில் விழாது.

சுழலும் முறை இரண்டு. பெல்ட் வகையில் மோட்டாரின் அதிர்வைப் பெரும்பாலும் ரப்பர் பெல்ட் உள்வாங்கிக்கொள்ளும். எட்கர் வில்ச்சூர் 1961இல் வடிவமைத்த ஏஆர் எக்ஸ்ஏ டர்ன்டேபிள், மலிவு விலையிலும் இந்த முறை சாத்தியம் என்று காட்டியது. இன்றைய ரேகா பிளானர் 1, புரோஜெக்ட் டெபியூ ஆகியவையும் பெல்ட் வகையே. டைரக்ட் டிரைவில் இசைத்தட்டைத் தாங்கும் சுழல்மேடை மோட்டாரின் அச்சிலேயே அமரும். 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இதில் பேர்பெற்றது. அதன் சாயலில் குறைந்த விலைக்குக் கிடைப்பது ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ். பெல்ட்டா, டைரக்டா என்ற சண்டையில் இந்த விலைக்குள் பெரிய சாரமில்லை.

கார்ட்ரிட்ஜில்தான் கவனம் வேண்டும். பெட்டி வடிவ மலிவுப் பிளேயர்களின் செராமிக் கார்ட்ரிட்ஜ் 5 கிராம் அளவுக்குத் தட்டை அழுத்தும். அழுத்தத்தைக் குறைக்க வழியும் இருக்காது. மூவிங் மேக்னெட் வகைக்குச் சுமார் 2 கிராம் போதும். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ நல்ல தொடக்கம்: உடல் அப்படியே இருக்க, ஊசியை மட்டும் உருவி மேலான ஊசியைப் பொருத்தலாம். கையின் பின்முனையில் திருகி நகர்த்தும் எடைக்குண்டு இருப்பது அவசியம். கை எந்தப் பக்கமும் சாயாமல் மிதக்கும்வரை குண்டைத் திருகி, அளவு வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பிறகு வளையமும் குண்டும் சேர்ந்து சுழல 2 கிராமுக்குக் கொண்டுவர வேண்டும்.

மூவிங் மேக்னெட் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. தட்டில் பதிக்கும்போது தாழ்ந்த சுருதிகளைக் குறைத்து, உயர்ந்தவற்றைக் கூட்டியிருப்பார்கள். அதை நேர்செய்யும் ஆர்ஐஏஏ அளவுகோல் 1950களில் நிலைபெற்றது. இந்த வேலையைச் செய்யும் ஃபோனோ பிரீஆம்ப் இல்லாமல் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் செருகினால் சன்னமான, கீச்சென்ற ஒலிதான் வரும். உள்ளேயே பிரீஆம்ப் இருந்து, வேண்டாதபோது அணைக்கவும் முடிந்தால் வசதி.

வேகத்தையும் பார்த்து வாங்க வேண்டும். இந்தியாவில் நிமிடத்துக்கு 78 சுழற்சித் தட்டுகள் 1960களிலும் அச்சாயின. பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78ஆக வந்தன. தாத்தா காலத்துத் தட்டுகள் வைத்திருப்பவருக்கு 33⅓, 45 மட்டுமே உள்ள ரேகா பிளானர் 1 உதவாது. எல்பி120எக்ஸில் 78 உண்டு. ஊசியும் வேறு வேண்டும். பழைய தட்டின் பள்ளம் அகலமானது என்பதால் 33⅓ சுழற்சி எல்பி தட்டுக்கான ஊசி அதன் அடியில் கிடந்து இரையும்.

பழைய சரக்கு மலிவுதான், ஆனால் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெல்ட் கருவிகள் பலவற்றின் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்றது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஓடுவது 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை இறக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 33⅓ சுழல வேண்டிய தட்டு சுமார் 27.8 சுழன்று, பாடகரின் குரல் இழுபடும். குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடும் டைரக்ட் டிரைவ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் புது ஊசியின் விலையையும் சேர்த்தே பேரம் பேச வேண்டும்.