ஏற்றமே இல்லாத 35 கிலோமீட்டர்

ஞாயிறு தோறும் சைக்கிள் மிதிக்கும் பழைய மாணவர் ஒருவர், "சார், மேடு பள்ளம் இல்லாம, கிராமம் வழியா போற மாதிரி ஒரு ரூட் சொல்லுங்க" என்று கேட்டார். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போங்கப்பா என்றேன். சுமார் 35 கிலோமீட்டர். கரியாப்பட்டினம், நெய்விளக்கு, தோப்புத்துறை என்று ஊர் ஊராகத் தாண்டலாம். கியர் சைக்கிளே வேண்டாம். காற்று எதிரே அடித்தால் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். முதலில் வயல், போகப் போக மணல் தரை, மா, தென்னை, முல்லைத் தோட்டம், கடைசியில் உப்பளம்.

போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

காந்தி தண்டியில் உப்பு எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 1930 ஏப்ரல் 13, சித்திரைப் பிறப்பு. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் கிளம்பினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் வரை 150 மைல், பதினைந்து நாள். ஒரு நாளைக்குப் பத்து மைல். நீங்கள் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் கடக்கிற தூரம்.

கால்களுக்குச் சுலபமான சாலைதான். அதைக் கடினமாக்கியது தஞ்சை கலெக்டர் தார்ன் போட்ட உத்தரவு. தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதச் சிறை. கிராமம் கிராமமாகத் தண்டோரா போட்டார்கள். கும்பகோணத்தில் துணிந்து தம் வீட்டில் விருந்து வைத்த பந்துலு அய்யர் சிறைக்குப் போனார்.

இந்தத் தரையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். குன்றில்லை, காடில்லை. சித்திரையில் அறுவடை முடிந்த வயல் வெட்டவெளி. தூக்குவாளியோடு ஒருவர் வரப்பில் நடந்தால் அரை மைலுக்கு அப்பால் நிற்கும் போலீசுக்கும் தெரியும். ஒளிக்க இடமிருந்தது சாலையோர மரங்களில்தான். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை இரவோடு இரவாகக் கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். காலையில் தொண்டர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். யார் கட்டியது என்று கேட்டால் மரம் சொல்லுமா?

ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். அங்கே எல்லா ஏற்பாடும் வேதரத்தினம் பிள்ளை. அதற்காகச் சிறையும் சொத்துப் பறிமுதலும் கண்டவர். 30-ஆம் தேதி காலை ராஜாஜி உப்பு அள்ளினார், கைதானார், ஆறு மாதத் தண்டனை பெற்றார். போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்த நாவிதர் வைரப்பனும் சிறைக்குப் போனார்.

வகுப்பில் தண்டியை மணிக்கணக்காக நடத்துவோம். வேதாரண்யம் இரண்டு வரியில் முடிந்துவிடும். அந்த இரண்டு வரியை நானும் அப்படியே படித்துக் கடந்தவன்தான்.

பொட்டலம் தொங்கிய மரம் எது என்று காட்ட இனி ஆளில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பக்கத்து மரங்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்துவிட்டது. வேதாரண்யத்தில் வைரப்பன் நினைவிடம் இருக்கிறது. அதைத் தாண்டி அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூண். அதுவரை மிதியுங்கள். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள், தண்ணீர் பாட்டில் இரண்டாக இருக்கட்டும்.