உறைகள் உரைக்கும் வரலாறு

தூதினை ஒரு சிற்றிலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழி தமிழ். அன்னமும் கிளியும் முகிலும் தூது சென்ற இம்மொழியில், கடல்கடந்து உழைக்கச் சென்றோரின் மடல்கள் போதிய அளவிற் பேணப்படாமை வருந்தத்தக்கது. தென்னாப்பிரிக்கக் குடியேற்றக் கால அஞ்சல்தலைகளையும் உறைகளையும் திரட்டுதலைப் பொழுதுபோக்கெனக் கருதுவோர் பலர். தமிழர்க்கு அது தம் முன்னோரைத் தேடும் பணியுமாகும்.

நன்னம்பிக்கை முனைக் குடியேற்றம் 1853இல் முக்கோண வடிவ அஞ்சல்தலையை வெளியிட்டது. நேட்டாலின் முதல் தலைகள் 1857இல் வண்ணத்தாளில் புடைப்பு அச்சாக வெளிவந்தன. மூன்றாண்டுகள் கழித்து, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அதுமுதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர். வல்லக்கோட்டையை உள்ளடக்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டமும் அவ்வாறு மக்களை அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று.

அஞ்சல்தலை ஆள்வோரின் வரலாற்றைக் கூறும். 1900இல் டிரான்ஸ்வாலை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது, போயர் அரசின் தலைகள் மீதே விக்டோரியா அரசியைக் குறிக்கும் 'வி.ஆர்.ஐ.' என்னும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. உறையோ மக்களின் வரலாற்றைக் கூறும். வெருலம், ஸ்டேங்கர் முதலிய கரும்புத் தோட்டப் பகுதி ஊர்களின் முத்திரை மடல் புறப்பட்ட இடத்தையும் நாளையும் காட்டும். பின்புற முத்திரைகள் அது வந்த வழியைக் காட்டும். முகவரி உறவினரின் பெயரையும் ஊரையும் காட்டும். நேட்டால் கப்பற்பதிவேடுகளில் ஒவ்வொருவரின் எண், பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், ஊர் ஆகியன குறிக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கின், எண்ணாகப் பதியப்பெற்ற மனிதருக்கு மீண்டும் ஓர் ஊரும் உறவும் கிட்டக்கூடும்.

ஆதலின், உறையை நீரில் ஊறவைத்துத் தலையை மட்டும் பிரித்தெடுத்தல் சான்றையே அழிப்பதாகும். விலைப்பட்டியலில் மிக மலிவான தலை ஒட்டிய உறையும் முகவரியால் அருமை பெறுவதுண்டு. எழுத்தறியாதோர் பிறரைக் கொண்டு எழுதுவித்த மடலாயின் அதன் அருமை இன்னும் மிகுதி.

ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கியோர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த மூன்று பவுன் வரி 1914இல் நீக்கப்பட்டது. அதற்கான அறப்போரிற் சிறைசென்று, பதினாறாம் அகவையில் உயிர்நீத்தவர் தில்லையாடி வள்ளியம்மை. 2008இல் இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாகத் தலை வெளியிட்டது. குடியேற்றக் காலத்தில் மன்னர் முகம் தாங்கிய அச்சிறு தாளில், மன்னராட்சியை எதிர்த்த தமிழ்ப்பெண்ணின் முகம் இடம்பெற்றது.

ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் வயல்கள் தொழிற்சாலைகளாயின. பழைய வீடுகளும் ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. இடிபடும் வீட்டுப் பரணில் பழந்தாள்கள் கிடைப்பின், எரிக்குமுன் ஒருமுறை பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஏடு தேடி ஊரூராக நடந்தோரால் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. உழைப்பாளர் மடல்களைத் தேடும் கடமை இன்று கவிஞர்க்கும் உண்டு. எழுத்தின் அருமையை அறிந்தோர் அவர்களே.