ஏழை ஸ்டுடியோவுக்கு ஒரு கம்ப்ரசர்

பாடகர் முணுமுணுத்தால் ஒன்றும் கேட்காது. உச்சத்துக்குப் போனாலோ மீட்டர் சிவப்பைத் தொடும். இந்த ஏற்ற இறக்கத்தை அடக்குகிற பெட்டிதான் கம்ப்ரசர். 1960களின் எல்.ஏ-2ஏ, 1967ல் பில் புட்னம் கொண்டுவந்த 1176 எல்லாம் பெரிய ஸ்டுடியோக்களின் சொத்து. வீட்டில் பதிகிறவர் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்!

கதையை மாற்றியது ஒரு சர்க்யூட். அமெரிக்காவில் 1971ல் டிபிஎக்ஸ் கம்பெனியைத் தொடங்கிய டேவிட் பிளாக்மரின் வி.சி.ஏ. மின்னழுத்தத்தை மாற்றினால் ஒலியின் அளவு கூடும், குறையும். 1976ல் இதை வைத்து டிபிஎக்ஸ் 160 வந்தது. பின்னாளில் வி.சி.ஏ. சின்ன சிப்பாகச் சுருங்க, விலையும் சுருங்கியது.

1990களில் வந்த அலெசிஸ் 3630ல் இரண்டு சேனல், மலிவு விலை. ஒலி மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்குகிறது என்று இன்ஜினியர்கள் திட்டினார்கள். ஆனால் டாஃப்ட் பங்க் இருவரும் படுக்கையறையில் பதிந்து 1997ல் வெளியிட்ட 'ஹோம்வொர்க்' ஆல்பத்தில் உழைத்தது அதே பெட்டிதான். நடன இசைக்கு அந்த மூச்சே தாளமாகிவிட்டது!

டெக்சஸின் எஃப்.எம்.ஆர். ஆடியோ வேறு வழியில் போனது. அதன் ஆர்.என்.சி., அதாவது 'ரியலி நைஸ் கம்ப்ரசர்' (பெயரைப் பாருங்கள்!), 200 டாலருக்குள் கிடைத்தது. சின்னப் பெட்டி, வெளியே தொங்கும் அடாப்டர், எக்ஸ்.எல்.ஆர். சாக்கெட் கிடையாது. சிக்கனமெல்லாம் வெளியே, உள்ளே ஒலியில் கை வைக்கவில்லை. வாங்குகிறவர் பார்க்கவேண்டிய கணக்கு இதுதான். குரலைச் சத்தமில்லாமல் அடக்க ஆர்.என்.சி.; டிரம்ஸ் துள்ளவேண்டுமென்றால், திட்டு வாங்கிய அந்த 3630 செகண்ட் ஹேண்டில்.